வீட்டில் பேண்தகு வாழ்வு

வீட்டில் பேண்தகு வாழ்வு என்பது, ஒரு குடும்பம் அன்றாடத் தேவைக்காக எடுத்துக்கொள்ளும் நீர், மின்சாரம், எரிபொருள், உணவு, பொருள்கள் ஆகியவற்றின் அளவையும், பயன்படுத்திய பின் வெளியேற்றும் கழிவின் அளவையும் இயற்கை ஈடுகட்டக்கூடிய எல்லைக்கு அருகில் கொண்டுவர முயலும் வாழ்க்கை முறையாகும். புத்தாண்டு, பொங்கல், புதுமனை புகுவிழா, குழந்தை பிறப்பு போன்ற தருணங்களில் பலர் இத்தகைய முடிவை எடுக்கின்றனர். கிணறு வற்றிய கோடையும் எதிர்பாராமல் உயர்ந்த மின்கட்டணமும் அம்முடிவுக்குக் காரணமாவது உண்டு.

முடிவு எடுப்பது எளிது. அது பலன் தருவதும் நிலைப்பதும் இரண்டு செயல்களைப் பொறுத்தவை. முதலாவது, வீட்டில் எது அதிகமாகச் செலவாகிறது என்று அளந்து அறிவது. இரண்டாவது, எடுத்த முடிவை வீட்டின் அமைப்பாகவும் வழக்கமாகவும் மாற்றுவது. தமிழ்நாட்டு நகர்ப்புற வீடுகளை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை இவ்விரண்டையும் விளக்குகிறது.

கருத்தின் பின்னணி

"பேண்தகு" என்னும் சொல் தொடர்ந்து பேணுவதற்குத் தகுந்தது என்னும் பொருளில் வழங்குகிறது. நிலைத்தகு, வளங்குன்றா, நீடித்த ஆகிய சொற்களும் இதே கருத்துக்குப் பயன்படுகின்றன. ஐக்கிய நாடுகள் அவை அமைத்த பிரண்ட்லண்ட் ஆணையம் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்குக் குறை வைக்காமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே பேண்தகு வளர்ச்சி என விளக்கியது. 2015ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 வளர்ச்சி இலக்குகளில் 12ஆவது இலக்கு, பொறுப்பான நுகர்வையும் உற்பத்தியையும் பற்றியது.

இக்கருத்து தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு பிறந்த காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா, 1940களில் சிறையில் இருந்தபோது "நிலைத்த பொருளாதாரம்" என்னும் கருத்தை நூலாக எழுதினார். நிலக்கரி, கனிமங்கள் போன்று எடுக்க எடுக்கக் குறையும் வளங்களையும், காடு, நீரோட்டம் போன்று தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் வளங்களையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். அன்றாட வாழ்க்கை இரண்டாவது வகையைச் சார்ந்து அமைய வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. ஒரு பொருளை வாங்குபவருக்கும் அப்பொருள் உருவான முறையில் பொறுப்பு உண்டு என்றும் அவர் வலியுறுத்தினார்.

முந்தைய தலைமுறையினரின் வீடுகளில் கிழிந்த வேட்டி கைத்துணியானது. பழைய சோறு காலை உணவானது. பாத்திரம் கழுவிய நீர் வாழை மரத்துக்குப் போனது. அந்தச் சிக்கனத்தில் பெரும்பகுதி தட்டுப்பாட்டினால் வந்தது. இன்று கையில் பணமும் கடையில் பொருளும் இருக்கும் நிலையில் அதே அளவை விரும்பித் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பேண்தகு வாழ்வு ஓர் உறுதிமொழியாக மாறியதற்கு இந்த மாற்றமே காரணம்.

அளவிடுதல்

கண்ணுக்குத் தெரியும் சிறு செலவுகளே கவனத்தை முதலில் ஈர்க்கின்றன. கைப்பேசி மின்னேற்றியைக் கழற்றி வைப்பது இதற்கு எடுத்துக்காட்டு. ஒரு கைப்பேசியை நாள்தோறும் முழுமையாக மின்னேற்றினாலும் ஓராண்டுக்கு 10 யூனிட்டுக்குள்தான் செலவாகும். 1.5 டன் ஏ.சி. ஒன்று மணிக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 யூனிட் வரை எடுக்கும். ஆகவே கைப்பேசியின் ஓராண்டுச் செலவும் ஏ.சி.யின் ஓரிரவுச் செலவும் ஏறக்குறைய சமம்.

அளவிடுவதற்குச் சிறப்புக் கருவிகள் தேவையில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. கடந்த ஓராண்டின் ஆறு கணக்கீடுகளை வரிசையாக எழுதினால், கோடையில் கூடும் யூனிட்டுகள் தனியாகத் தெரியும். நாளொன்றுக்கு எத்தனை முறை மோட்டார் போடப்படுகிறது, மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பவற்றைக் கொண்டு நீர்ச் செலவை அறியலாம். ஒரு வாரக் குப்பையை மக்குவது, மக்காதது எனப் பிரித்து எடை போட்டால் கழிவின் அளவு தெரிந்துவிடும்.

நீர்

வீட்டு அளவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவின் வலிமைக்கும் தளர்ச்சிக்கும் சென்னையின் மழைநீர் சேகரிப்பு நல்ல சான்று. தமிழ்நாடு அரசு 2003ஆம் ஆண்டு பிறப்பித்த அவசரச் சட்டத்தின் மூலம் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. குறுகிய காலத்தில் பெருமளவிலான வீடுகளில் அமைப்புகள் கட்டப்பட்டன. அடுத்து வந்த நல்ல மழை ஆண்டுகளில் நகரின் பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது.

காலப்போக்கில் பல வீடுகளில் அவ்வமைப்பு பெயரளவில் மட்டும் எஞ்சியது. வடிகட்டும் மணலும் கூழாங்கல்லும் சேற்றால் அடைபட்டன. மாடிக் குழாய்கள் தெருவோர வடிகாலுக்குத் திருப்பப்பட்டன. 2018ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததைத் தொடர்ந்து, 2019ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய முழுவதும் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. ஒரு ரயில் 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்து வந்தது.

மழைநீரின் அளவைக் கணக்கிடும் முறை எளியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. ஆகும். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஆண்டுக்கு 1,40,000 லிட்டர் விழுகிறது. ஆவியாதலும் சிதறலும் போக 80 விழுக்காடு கைக்கு வந்தால் 1,12,000 லிட்டர் கிடைக்கும். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டமிடலுக்குக் கொள்ளப்படும் அளவு. அதன்படி நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 540 லிட்டர் தேவை. தனி வீட்டின் மாடியில் விழும் மழை ஏறத்தாழ 200 நாள் தேவைக்கு ஈடானது. அதை முழுவதும் தொட்டியில் தேக்க இயலாது. மிஞ்சுவதைக் கிணற்றுக்கோ கசிவுநீர்க் குழிக்கோ விட்டால் நிலத்தடியில் சேரும்.

இவ்வமைப்புக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு தேவை. ஐப்பசி மழைக்கு முன் மாடியைப் பெருக்குதல், குழாய் வாயிலுள்ள வலையைச் சுத்தம் செய்தல், வடிகட்டியின் மணலை எடுத்துக் கழுவுதல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. முதல் மழை மாடியிலுள்ள தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்து வருவதால் அதைச் சேமிக்காமல் வெளியேற்ற வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீரிலேயே முட்டையிடும் என்பதால், தேக்கும் தொட்டிகள் இறுக மூடப்பட்டிருத்தல் அவசியம்.

அன்றாடப் பயன்பாட்டில் குறைக்கக்கூடியவையும் உண்டு. நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டரை வீணாக்குகிறது. அது ஒருவர் வாளியில் குளிக்கும் அளவு. பழைய கழிப்பறைத் தொட்டி ஒருமுறைக்கு 10 லிட்டர் வரை வெளியேற்றும். இரட்டைப் பொத்தான் கொண்ட புதிய தொட்டிகள் 3 அல்லது 6 லிட்டருடன் நிறுத்திக்கொள்கின்றன. ஆர்.ஓ. சுத்திகரிப்பான் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகிறது. அக்கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்கும் அளவு. உப்பு அதற்கும் குறைவாக உள்ள நீருக்கு, அதை நீக்குவதற்காக ஆர்.ஓ. தேவைப்படுவதில்லை. கிருமிகளை ஒழிக்கக் காய்ச்சி வடிகட்டினால் போதும்.

மின்சாரம்

இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. நிலக்கரியைப் பெரிதும் சார்ந்திருப்பதே இதற்குக் காரணம். வீட்டில் வெப்பத்தையோ குளிர்ச்சியையோ உண்டாக்கும் கருவிகளே மிகுதியான மின்சாரத்தை எடுக்கின்றன. ஏ.சி., வெந்நீர்க் கொதிகலன், குளிர்பதனப் பெட்டி ஆகியன அவ்வகையின. மின்விசிறி குறைவாக எடுத்தாலும் நெடுநேரம் ஓடுவதால் கணக்கில் முக்கிய இடம் பெறுகிறது.

ஏ.சி.யின் வெப்பநிலையை ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என இந்திய எரிசக்தித் திறன் செயலகம் கூறுகிறது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் விற்கப்படும் வீட்டு ஏ.சி.கள், இயக்கியவுடன் 24 பாகை செல்சியசில் தொடங்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. 26 பாகையில் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால், அதே வசதி குறைந்த செலவில் கிடைக்கும்.

சாதாரண மின்விசிறி 75 வாட் அளவிலும், பி.எல்.டி.சி. வகை மின்விசிறி 30 வாட் அளவிலும் மின்சாரம் எடுக்கின்றன. நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரு மாதங்களில் முதலாவதற்கு 54 யூனிட்டும் இரண்டாவதற்கு ஏறத்தாழ 22 யூனிட்டும் ஆகும். ஆயினும் நன்றாக ஓடும் எல்லா விசிறிகளையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. அதிக நேரம் ஓடும் படுக்கையறை, கூடத்து விசிறிகளை முதலில் மாற்றினால் செலவுக்கேற்ற பலன் கிடைக்கும்.

கூரையில் சூரிய மின்தகடு பொருத்த ஒன்றிய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024ஆம் ஆண்டு முதல் மானியம் அளித்து வருகிறது. அத்திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் உற்பத்தி செய்யும். முதலில் செலவைக் குறைத்துவிட்டு, எஞ்சிய தேவைக்கு ஏற்ற அளவில் தகடு பொருத்துவது சிக்கனமானது.

சமையலறையும் கழிவும்

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது. இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு 55 கிலோ என அவ்வறிக்கை மதிப்பிடுகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்கு மேல். தோல், எலும்பு போன்ற உண்ண முடியாத பகுதிகளும் இதில் அடங்கும்.

இந்திய நகரங்களின் குப்பையில் ஏறத்தாழ பாதி மக்கும் குப்பையாகும். கலந்து கொட்டப்படும்போது அது குப்பைமேட்டின் அடியில் காற்றுப்படாமல் அழுகி மீத்தேனாக மாறுகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைமேடுகளின் அருகில் வாழ்வோர் அதன் புகையையும் நாற்றத்தையும் பல்லாண்டுகளாக அனுபவித்து வந்துள்ளனர். ஆகவே குப்பையைப் பிரிப்பது சுத்தம் பற்றிய செய்தி மட்டுமன்று. ஒரு வீட்டின் கழிவு யாருடைய வாசலில் போய்ச் சேருகிறது என்பதும் அதில் அடங்கியுள்ளது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கக் கூறின. காலாவதியான மருந்து, மின்கலம், உடைந்த குழல்விளக்கு போன்றவை மூன்றாம் வகை. சானிட்டரி நாப்கின்களைத் தனியே தாளில் சுற்றிக் கொடுக்க வேண்டும். பிரிக்காத குப்பையைக் கையால் கிளறிப் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர் என்பதால், உடைந்த கண்ணாடியையும் தனியே பொதிந்து கொடுப்பது அவசியம்.

மக்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்கலாம். அடியில் துளையிட்ட மண்தொட்டியோ பழைய வாளியோ போதும். காய்கறித் தோல் ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு, தென்னை நார்த்தூள் போன்றவை இரண்டு பங்கு என்ற அளவில் அடுக்கடுக்காகப் போட வேண்டும். ஒரு கை புளித்த மோரோ பழைய உரமோ சேர்த்தால் மக்குதல் விரைவுபடும். வாரம் ஒருமுறை கிளற வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுதி, சருகு சேர்க்க வேண்டும். எதுவும் மாறாமல் கிடந்தால் ஈரம் குறைவு, நீர் தெளிக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் மண் மணம் வீசும் கருநிற உரம் கிடைக்கும்.

வாங்கும் பொருள்கள்

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தடை செய்தது. துணிப்பையை மீண்டும் பழக்கத்துக்குக் கொண்டுவர "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது.

துணிப்பையும் விலையின்றி உருவாவதில்லை. பருத்தி விளைய நீரும் உரமும் தேவை. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வு, காலநிலைத் தாக்கத்தை மட்டும் கணக்கில் கொண்டால், ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது நெகிழிப் பைக்கு ஈடாகும் எனக் கண்டது. பிற தாக்கங்களையும் சேர்த்தால் இந்த எண்ணிக்கை பல மடங்கு கூடுகிறது. எனவே விழாக்களில் தரப்படும் பைகளை அலமாரியில் அடுக்கி வைப்பதால் பயனில்லை. இருக்கும் இரண்டு பைகளைக் கிழியும்வரை பயன்படுத்துவதில்தான் பயன் உள்ளது.

இதே கணக்கு எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். நெகிழி டப்பாக்களை எறிந்துவிட்டு ஒரே நாளில் கண்ணாடிச் சாடிகள் வாங்குவது கழிவைக் கூட்டும் செயல். இருப்பதைத் தேயும்வரை பயன்படுத்துவது, பழுது பார்ப்பது, இரவல் வாங்குவது, பிறகே புதிதாக வாங்குவது என்னும் வரிசை நல்லது.

உறுதி தளர்வதும் நிலைப்பதும்

நல்லெண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே இடைவெளி இருப்பதை உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் கண்டுள்ளனர். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர், "இந்நிலை வந்தால் இதைச் செய்வேன்" என்று நேரத்தையும் இடத்தையும் சேர்த்து முடிவெடுப்பவர்கள், பொதுவாக முடிவெடுப்பவர்களைவிட அதிகம் நிறைவேற்றுகின்றனர் எனக் காட்டினார். "நீரைச் சிக்கனப்படுத்த வேண்டும்" என்பது விருப்பம். "அரிசி களைந்த நீரை அடுப்படி வாளியில் ஊற்றுவேன், மாலையில் அது செடிக்குப் போகும்" என்பது திட்டம்.

பழக்கம் படிய நாளாகும். இலண்டனில் 96 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலையை அடைய ஏறத்தாழ 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறுவது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. தை முதல் நாளில் தொடங்கிய பழக்கம் மாசியில் சுமையாகத் தோன்றுவது இயல்பே. அது கைவிடுவதற்கான அறிகுறியன்று.

மன உறுதி தேவைப்படாத அமைப்புகள் அதைவிட நிலைக்கின்றன. வண்டிப் பெட்டியிலேயே கிடக்கும் பை, அடுப்படியில் அருகருகே இருக்கும் இரண்டு குப்பைக் கூடைகள், தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் தானியங்கி மிதவை ஆகியன அத்தகையவை.

வேலைப் பகிர்வு

குப்பை பிரித்தல், பை தைத்தல், நீர் பிடித்து வைத்தல் ஆகியவை வீட்டு வேலையைக் கூட்டுகின்றன. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டனர். வீட்டுத் தலைவர் எடுத்த முடிவைப் பெண்களும் வீட்டுப் பணியாளரும் தனியே சுமக்க நேர்ந்தால் அது நீடிப்பதில்லை, நீடித்தாலும் நியாயமாகாது. உரத்தொட்டியைக் கிளறுவது யார், பருவமழைக்கு முன் மாடியேறுவது யார் எனப் பெயர் குறித்துப் பிரித்துக்கொள்வது திட்டத்தின் ஒரு பகுதியாகக் கருதப்பட வேண்டும்.

வரம்புகள்

வாடகை வீட்டில் இருப்பவர் மாடிக் குழாயை மாற்றவோ மின்தகடு பொருத்தவோ உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இத்தகைய முடிவுகளைக் குடியிருப்போர் சங்கமே எடுக்க இயலும். பிரித்துக் கொடுத்த குப்பையை ஒரே வண்டியில் கொட்டிக் கலந்தால் வீட்டாரின் உழைப்பு வீணாகும். இதனால் தனிமனிதப் பொறுப்பை மட்டும் பேசுவது, உற்பத்தியாளர், உள்ளாட்சி, அரசு ஆகியோரின் பொறுப்பை மறைக்கிறது என்னும் விமர்சனம் உண்டு.

மிச்சம் பிடிப்பதே செலவைக் கூட்டும் நிலையும் உண்டு. நீராவி இயந்திரங்களின் திறன் கூடியபோது நிலக்கரியின் மொத்தச் செலவு குறையாமல் கூடியதை ஆங்கிலப் பொருளியலறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865இல் சுட்டிக்காட்டினார். ஐந்து நட்சத்திர ஏ.சி. வாங்கிவிட்டோம் என்று கூடுதல் நேரம் ஓடவிடுவது அதன் வீட்டு வடிவம். கருவியை மாற்றிய பின்னும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதே இதற்கு மாற்று.

இவ்வரம்புகள் வீட்டு முயற்சியைப் பொருளற்றதாக்குவதில்லை. சென்னையில் 2003இல் சட்டம் வந்ததால் வீடுதோறும் குழாய்கள் இறங்கின. பராமரித்த வீடுகளில் அவை பயன் தந்தன. கைவிட்ட வீடுகளில் அடைபட்டன. சட்டமும் வீடும் ஒன்றுக்கொன்று மாற்றாக இயலாது என்பதை அவ்வனுபவம் காட்டுகிறது.